குடல்வால் ஆபரேஷன், பயாப்ஸியில் ஒரு சிறு கட்டி: மும்பைத் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

மும்பை ஆஸ்பத்திரி ஒன்றின் பயாப்ஸி லேபில் வேலை பார்க்கும் டாக்டர் நான். தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழர்கள், 'லேப்ல தமிழ் பேசுற டாக்டரம்மா இருக்காங்க' என்று யாரோ சொல்லக் கேட்டு, ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி வந்து நிற்பார்கள். அப்பெண்டிக்ஸை, அதாவது குடல்வாலை, எடுத்த பிறகு அதற்குள் எதிர்பாராத ஒரு கட்டி இருந்தது என்று தெரியவந்தவர்கள் கேட்டவை இவை. உங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் சர்ஜன். நான் ஸ்லைடில் தெரிவதைச் சொல்பவள். அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

வயித்து வலின்னு போனோம், சோனோகிராஃபி எடுத்தாங்க, சிடி எடுத்தாங்க. அப்போ தெரியாத கட்டி இப்போ எங்கேர்ந்து வந்தது?

அப்போதும் இருந்தது. இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை 1 செ.மீ.க்கும் குறைவு. உளுந்து அளவுகூட இருக்கும். வீங்கிச் சிவந்து கிடக்கிற குடல்வாலின் நுனிக்குள் அது ஒளிந்திருந்தால் ஸ்கேனிலும் தெரியாது, ஆபரேஷன் டேபிளில் சர்ஜன் கண்ணுக்கும் தெரியாது. லேபில் நறுக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் தெரியும். எடுத்த அப்பெண்டிக்ஸ் ஒவ்வொன்றையும் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஆயிரம் அப்பெண்டிக்ஸ் பார்த்தால் மூன்று முதல் ஐந்தில் இப்படி ஒன்று அகப்படும். பெரும்பாலும் அது நியூரோஎண்டோகிரைன் டியூமர் (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் கட்டி), சுருக்கமாக நெட். கார்சினாய்டு என்பது இதன் பழைய பெயர். ஓபர்ண்டார்ஃபர் என்ற ஜெர்மன் டாக்டர் 1907இல் வைத்தது. நிறைய சர்ஜன்கள் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான், இரண்டு நோய் வந்துவிட்டதாகப் பதற வேண்டாம்.

தையல் பிரிச்சப்போ டாக்டர் ஒண்ணும் சொல்லலை. பயாப்ஸி ரிப்போர்ட்னு ஒண்ணு இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது. இப்போ என்ன பண்றது?

எனக்கு மிகவும் கவலை தருகிற கேள்வி இதுதான். கட்டியைவிட, கேட்டு வாங்கப்படாத ரிப்போர்ட் பெரிய ஆபத்து.

தையல் பிரிப்பது ஏழாம் நாளோ பத்தாம் நாளோ. அன்றைக்கு ரிப்போர்ட் தயாராக இல்லாமலும் போகலாம். அதற்குப் பிறகு வலியும் இல்லை, வேலைக்கும் போயாகிவிட்டது. ஆஸ்பத்திரிப் பக்கம் யார் திரும்பிப் போகிறார்கள்? சின்ன நர்சிங் ஹோம்களில் இன்னொரு வழக்கம் உண்டு. எடுத்த குடல்வாலை டப்பாவில் போட்டு, 'லேப்ல கொடுத்துட்டு வாங்க' என்று சொந்தக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அப்படிக் கொடுத்தால் மூன்று விஷயம் பாருங்கள். டப்பாவில் ஃபார்மலின் இருக்கிறதா (தண்ணீரோ சலைனோ ஊற்றி ஒரு ராத்திரி வைத்தால் திசு கெட்டுப்போகும்), பேர் எழுதி ஒட்டியிருக்கிறதா, லேபில் நம்பரோடு ரசீது கொடுத்தார்களா. நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் வைக்காதீர்கள்.

மாதங்கள் ஓடிவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. திசுவை மெழுகில் பதித்த பிளாக்கை லேப்கள் பல வருஷம் வைத்திருக்கும். டிஸ்சார்ஜ் பேப்பரோடு போய், எந்த லேபுக்கு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். அனுப்பவே இல்லை என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு காரணத்துக்காக உடனே ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை. மேலே சொன்ன ஆயிரத்தில் மூன்று, ஐந்து கணக்கை நினைவில் வையுங்கள். ஆனால் வயது 40க்கு மேல் என்றாலோ, வயிற்றில் தொந்தரவு தொடர்ந்தாலோ, சர்ஜனிடம் சொல்லி என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

ரிப்போர்ட் வந்திருக்கு. ரெண்டு பக்கம் இங்கிலீஷ். எதைப் பார்க்கணும்?

முதலில், அது கடைசி ரிப்போர்ட்தானா என்று பாருங்கள். வழக்கமாக நாங்கள் அப்பெண்டிக்ஸின் நுனி, நடு, அடி என்று மூன்று இடத்தில்தான் துண்டு எடுப்போம். கட்டி தெரிந்துவிட்டால் மீதி முழுவதையும் எடுத்துப் பார்ப்போம். பிறகு சினாப்டோஃபைசின், குரோமோகிரானின், கேஐ-67 என்று சில சிறப்புச் சாயங்கள் போடுவோம். அதற்கு இன்னும் சில நாள் ஆகும். அந்த இணைப்பு ரிப்போர்ட் வருகிறவரை எந்த முடிவும் பாதி முடிவுதான். அவசரப்பட்டு யாரிடமும் இன்னொரு ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள்.

அடுத்தது பெயர். நியூரோஎண்டோகிரைன் டியூமர் என்று இருக்கிறதா, வேறு ஏதாவதா? வேறு என்றால் இந்தப் பக்கத்தில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

நெட் என்றால் அளவைத் தேடுங்கள். 1 செ.மீ., 2 செ.மீ. என்ற இரண்டு கோடுகளை வைத்துத்தான் மற்ற எல்லாம். பிறகு வெட்டு ஓரம். அடிப்பக்கத்தில், பெருங்குடலிலிருந்து வெட்டிய இடத்தில் கட்டி இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். நுனியில் இருக்கும் கட்டிக்கு இது பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. அடியில் இருப்பவை பத்தில் ஒன்றுதான். அவற்றில் ஓரம் முக்கியம். குடல்வாலைப் பிடித்திருக்கும் கொழுப்புக்குள், அதாவது மீசோஅப்பெண்டிக்ஸுக்குள், கட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதும் உண்டு. 3 மி.மீ.க்கு மேல் என்றால் இன்னொரு ஆபரேஷன் தேவையா என்று யோசிப்பார்கள். ரத்தக்குழாய்க்குள்ளோ நிணக்குழாய்க்குள்ளோ செல்கள் இருந்தால் அதையும் எழுதியிருப்போம். கடைசியாக கிரேடு. கேஐ-67 என்பது எத்தனை சதவீதச் செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்ற கணக்கு. 3 சதவீதத்துக்குக் கீழே, செல் பிளவும் குறைவு என்றால் ஜி1. 3 முதல் 20 வரை ஜி2. குடல்வால் நெட்களில் மிகப் பெரும்பாலானவை ஜி1.

எங்களுக்கு 7 மி.மீ.தான். ஆனா 'பிடி3'ன்னு போட்டிருக்கு. கூகுள்ல பார்த்தா மூணாவது ஸ்டேஜ்ங்குது. வீட்ல யாரும் தூங்கலை.

தூங்குங்கள். பிடி3 என்பது மூன்றாவது ஸ்டேஜ் இல்லை. அது கட்டியின் அளவையும், குடல்வாலின் சுவரில் அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதையும் வைத்துப் போடும் குறியீடு; 'பி' என்றால் லேபில் பார்த்துச் சொன்னது. புற்றுநோய் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் குழுவான ஏஜேசிசியின் எட்டாம் பதிப்பின்படி, 2 செ.மீ. வரை டி1தான். ஆனால் அதே சிறு கட்டி வெளிச்சுவரின் அடிப்படலத்தையோ பக்கத்துக் கொழுப்பையோ லேசாகத் தொட்டுவிட்டால், அளவு என்னவாக இருந்தாலும் டி3 ஆகிவிடும். குடல்வாலின் சுவர் மெல்லியது. நுனியில் முளைத்த கட்டி கொழுப்பைத் தொடுவது அபூர்வமும் இல்லை. பெருங்குடல் புற்றுநோயில் டி3 என்றால் என்ன எடையோ, அந்த எடை இங்கே கிடையாது. இந்த எண்ணை மட்டும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பாதீர்கள். திருநெல்வேலி போய்ச் சேருவதற்குள் அது நாலாவது ஸ்டேஜ் ஆகியிருக்கும்.

சரி, 7 மி.மீ., ஜி1, ஓரம் சுத்தம். எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை வரணும்?

வர வேண்டாம். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. முழுமையாக எடுக்கப்பட்ட, 1 செ.மீ.க்குக் குறைவான, வேறு எச்சரிக்கை அடையாளங்கள் இல்லாத குடல்வால் நெட்டுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனே முழுச் சிகிச்சை. ஐரோப்பிய நியூரோஎண்டோகிரைன் டியூமர் சொசைட்டியின் வழிகாட்டல், இதற்குத் தொடர் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ தேவையில்லை என்கிறது. அமெரிக்கக் கேன்சர் ஆஸ்பத்திரிகளின் கூட்டமைப்பான என்சிசிஎன்னின் வழிகாட்டலும் தேவைப்பட்டால் மட்டும் பார்த்தால் போதும் என்கிறது. 'கேன்சர் மாதிரி ஒன்று' என்று காதில் விழுந்த பிறகு, ஒன்றும் செய்ய வேண்டாம் என்பது அலட்சியமாகத் தோன்றும். ஆறு மாதத்துக்கு ஒரு சிடி எடுத்துக்கொண்டே இருப்பதுதான் அக்கறை என்று நினைக்கிறோம். அந்த சிடியில் கல்லீரலில் ஒரு நீர்க்கட்டி, நுரையீரலில் ஒரு பழைய டிபி தழும்பு என்று சம்பந்தமில்லாத ஏதாவது தெரியும்; அதைத் துரத்திக்கொண்டு இன்னும் நாலு டெஸ்ட். முப்பது வயதுக்காரருக்குத் தேவையில்லாத கதிர்வீச்சு வேறு.

சர்ஜனை ஒரு தடவை பார்த்து, ரிப்போர்ட்டைக் காட்டி, 'ஃபாலோ அப் தேவையில்லை' என்று அவர் கைப்பட எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் இன்ஷூரன்ஸுக்கும் அது உதவும்.

என் தம்பிக்கு 1.4 செ.மீ. ஒரு டாக்டர் பாதிக் குடலை எடுக்கணும்ங்கிறார், இன்னொருத்தர் வேண்டாம்ங்கிறார். யாரை நம்புறது?

இருவருமே ஏதோ ஒன்றைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். 1க்கும் 2க்கும் நடுவே உள்ள கட்டிகளில்தான் டாக்டர்களுக்குள் இத்தனை வருஷமாக வாதம். வலப்பக்கப் பெருங்குடலையும் சிறுகுடலின் கடைசித் துண்டையும் நிணநீர் முடிச்சுகளோடு எடுக்கும் ஆபரேஷனுக்கு ரைட் ஹெமிகோலெக்டமி என்று பெயர். மேலே சொன்ன ஐரோப்பிய சொசைட்டியின் 2016 வழிகாட்டல், இந்த அளவுக் கட்டியில் ஓரம் சுத்தமில்லை, கொழுப்புக்குள் 3 மி.மீ.க்கு மேல் போயிருக்கிறது, ரத்தக்குழாயில் செல்கள் இருக்கின்றன, ஜி2 ஆகிய அடையாளங்களில் ஏதாவது இருந்தால் அந்த ஆபரேஷனை யோசிக்கச் சொன்னது.

பிறகு 2023இல் லான்செட் ஆன்காலஜியில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 15 ஐரோப்பிய நாடுகளின் 40 ஆஸ்பத்திரிகள், 1–2 செ.மீ. கட்டி இருந்த 278 பேர். சிலருக்குக் குடல்வாலை மட்டும் எடுத்திருந்தார்கள், சிலருக்குப் பாதிக் குடலையும். பெரிய ஆபரேஷன் செய்துகொண்டு முடிச்சுகளைப் பரிசோதித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முடிச்சில் கட்டி இருந்தது. அப்படியானால் முடிச்சை எடுக்காதவர்களிலும் சிலருக்கு அது உள்ளேயே இருந்திருக்கும். ஆனாலும் சராசரியாக 13 வருஷம் கவனித்ததில், இந்தக் கட்டியால் இறந்தவர் இரண்டு பக்கத்திலும் ஒருவரும் இல்லை. இந்த அளவுக்குப் பெரிய ஆபரேஷன் தேவையில்லை என்பதுதான் ஆய்வாளர்களின் முடிவு. பழைய கேஸ்களைத் திரும்பிப் பார்த்துச் செய்த ஆய்வு என்ற குறை அதில் உண்டு.

என் பார்வை இது. ஓரம் சுத்தமாக, ஜி1 ஆக இருந்தால், பாதிக் குடலை எடுக்கச் சொல்பவரிடம் 'எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள், 2023 ஆய்வுக்குப் பிறகும் ஏன் தேவை' என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு வயிற்றுப்போக்கு நீண்ட நாள் தொடரும். லோக்கல் ரயிலில் ஒன்றரை மணி நேரம் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற இளைஞனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வெட்டு ஓரத்தில் கட்டி இருந்தால் இந்த வாதமே வேறு. மிச்சம் உள்ளே இருக்கிறது, இரண்டாவது ஆபரேஷன் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

2 செ.மீ.க்கு மேல இருந்தா?

பெரிய ஆபரேஷனும், கேன்சர் டாக்டரின் தொடர் கண்காணிப்பும் தேவைப்படும். மெதுவாக வளரும் கட்டி என்பதால் கண்காணிப்பு பத்து வருஷம்கூடப் போகலாம். குடல்வால் நெட்களில் இந்த அளவு அபூர்வம்.

எங்க ரிப்போர்ட்ல நெட்னு இல்லை. 'காப்ளெட் செல்'னு இருக்கு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு 'லாம்ன்'னு வந்திருக்கு. எல்லாம் ஒண்ணுதானே?

இல்லவே இல்லை. காப்ளெட் செல் கட்டியை முன்பு காப்ளெட் செல் கார்சினாய்டு என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்டுப் பலர் சாதுவானது என்று எண்ணிவிட்டார்கள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதை காப்ளெட் செல் அடினோகார்சினோமா என்று மாற்றி வகைப்படுத்தியது. இது புற்றுநோய். அளவு சின்னது என்று ஆறுதல் தேடாமல், இந்த வாரமே கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரும்பாலும் குடல் ஆபரேஷனும், சிலருக்குக் கீமோவும் வரும்.

லாம்ன் என்பது சளி போன்ற திரவத்தைச் சுரக்கும் தாழ்ந்த கிரேடு கட்டி. குடல்வால் வெடிக்காமல், சளி முழுக்க உள்ளேயே இருந்து, முழுதாக எடுத்திருந்தால் முடிவு நன்றாகவே இருக்கும். சளி வயிற்றுக்குள் கசிந்திருந்தால் அது பரவி, வருஷங்கள் கழித்து வயிறு முழுக்க நிரம்பும் அபாயம் உண்டு. எனவே ஆபரேஷன் குறிப்பில் 'வெடித்திருந்தது' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லாம்ன் என்று வந்தவர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் தேவை.

ரத்தத்துல குரோமோகிரானின் டெஸ்ட் எடுத்தோம், நார்மலைவிட ரெண்டு மடங்கு. கட்டி திரும்பி வந்துடுச்சா?

முதலில் ஒரு கேள்வி: காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடுகிறீர்களா? பான்டோபிரசோல், ஓமெப்ரசோல் வகை மாத்திரைகள் இந்த அளவை நன்றாக ஏற்றிவிடும். சிறுநீரகக் கோளாறும் ஏற்றும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தி மறுபடி பார்த்தால் பலருக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரச் சிறுநீரில் 5-எச்ஐஏஏ என்ற பொருளை அளக்கும் டெஸ்ட்டும் அப்படியே. முந்தைய மூன்று நாளில் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, வால்நட் சாப்பிட்டிருந்தால் பொய்யாக ஏறும். நம் வீட்டு ரசத்திலேயே தக்காளி இருக்கிறது. சிறு கட்டியை முழுதாக எடுத்தவர்களுக்கு இந்த இரண்டு டெஸ்ட்டும் தேவையே இல்லை.

டோட்டா ஸ்கேன்னு ஒண்ணு பெரிய பெரிய இடத்துல எடுக்கிறாங்களாம். எடுத்துப் பார்த்துடலாமா, மனசு நிம்மதிக்கு?

காலியம்-68 டோட்டாடேட் பெட் ஸ்கேன். நல்ல ஸ்கேன்தான், பரவிய நெட்டைக் கண்டுபிடிக்க அதற்கு இணை குறைவு. 7 மி.மீ. கட்டியை எடுத்துவிட்டவருக்கு அதில் தேட எதுவும் இல்லை. நிம்மதிக்காக என்றால் அந்தப் பணத்தில் ஊருக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள்.

முகம் திடீர்னு சிவந்து சூடாகுது. இதுதான் கார்சினாய்டு சிண்ட்ரோமா?

கட்டி சுரக்கும் ஹார்மோனால் முகம் சிவந்து வயிற்றுப்போக்கு வரும் அந்தக் கோளாறு பெரும்பாலும் கட்டி கல்லீரலுக்குப் பரவிய பிறகுதான் வரும். குடல்வாலின் சிறு கட்டியில் அது மிக அபூர்வம். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண் என்றால் மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முகச் சிவப்போடு வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கும் இருந்தால் காட்டிவிடுங்கள்.

கொலோனோஸ்கோபி?

குடல்வால் நெட்டைக் கண்காணிக்க அது உதவாது. இருந்த இடமே இப்போது இல்லை. ஆனால் வயது 45ஐத் தாண்டியவர், மலத்தில் ரத்தம் போகிறவர், குடும்பத்தில் குடல் புற்றுநோய் உள்ளவர் என்றால் அந்தக் காரணத்துக்காகச் செய்துகொள்ளலாம். ரிப்போர்ட்டில் அடினோமா, செரேட்டட் பாலிப் (இரண்டும் குடலின் உட்பக்கம் வளரும் முளைகள்) என்று இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

அம்மாவுக்கு 52 வயசு. அப்பெண்டிக்ஸ் சீழ் கட்டி, ஆபரேஷன் இல்லாம ஆன்டிபயாட்டிக்லயே சரியாச்சு. அவங்களுக்கு ஏதாவது பார்க்கணுமா?

பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் 'விட்டுவிடுங்கள்' என்று பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். இங்கே அப்படிச் சொல்ல மாட்டேன். சீழ் கட்டிய அப்பெண்டிக்ஸ் மருந்தில் அடங்கியவர்களுக்குப் பிறகு ஆபரேஷன் தேவையா என்று ஃபின்லாந்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2019இல் வெளியானது. 60 பேரில் 12 பேருக்குக் குடல்வாலில் கட்டி இருந்தது, அத்தனை பேரும் 40 வயதைத் தாண்டியவர்கள். ஆய்வையே பாதியில் நிறுத்தி, எல்லோருக்கும் ஆபரேஷன் செய்யச் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அம்மாவைச் சர்ஜனிடம் கூட்டிப்போய், ஸ்கேன், கொலோனோஸ்கோபி, குடல்வாலை எடுப்பது ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுங்கள். வலி போய்விட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

டாடா ஆஸ்பத்திரியில் ஒருதடவை காட்டிடலாம்னு வீட்ல சொல்றாங்க. எதையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போகணும்?

சந்தேகம் இருக்கும் கேஸ் என்றால் நல்ல யோசனை. 1 செ.மீ.க்குக் குறைவான ஜி1 என்றால் அந்த வரிசையில் நாள் முழுக்க நிற்பது வீண்.

போனால் வெறும் ரிப்போர்ட்டோடு போகாதீர்கள். முதல் லேபிலிருந்து ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் எழுதிக்கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் ஸ்லைடைத் தாங்களே பார்ப்பார்கள், அதை வைத்துத்தான் பேச்சே ஆரம்பிக்கும். பிளாக் ஒரே பிரதி, தொலைந்தால் மறுபடி கிடைக்காது. வெயிலில் பைக் டிக்கியில் வைத்தால் மெழுகு இளகும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க், ஆதார் இவையும் வேண்டும். பரேல் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தான். ஃபைல் போடும்போது ஜெனரலா பிரைவேட்டா என்று கேட்பார்கள். கட்டணம் அதைப் பொறுத்து மாறும், யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். ஸ்லைடை இன்னொருவர் பார்த்தால் மட்டும் போதும் என்றால் சயான் ஆஸ்பத்திரி, கேஇஎம் போன்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிகளிலும் நல்ல பயாப்ஸி டிபார்ட்மென்ட் உண்டு.

பிள்ளைங்களுக்கும் வருமா? பத்தியம் ஏதாவது? குழந்தை பெத்துக்கலாமா?

பரம்பரையாக வருவது மிக அபூர்வம். பிள்ளைகளுக்கு டெஸ்ட் வேண்டாம். பத்தியம் கிடையாது. சிறு கட்டியை முழுதாக எடுத்தவர்கள் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டியதும் இல்லை, வயிற்றுக் காயம் ஆறினால் போதும்.

மெடிக்ளெயிம் புதுசா எடுக்கும்போது இதைச் சொல்லணுமா? சொன்னா கொடுக்க மாட்டாங்களே.

சொல்லுங்கள். மறைத்துவிட்டு, பின்னால் சம்பந்தமே இல்லாத ஆபரேஷனுக்குக் க்ளெயிம் போடும்போது பழைய டிஸ்சார்ஜ் பேப்பர் வெளியே வந்தால் முழுப் பாலிசியும் சிக்கலாகும். ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2024இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி வந்தது. விண்ணப்பத்தோடு பயாப்ஸி ரிப்போர்ட்டையும், 'முழுமையாக எடுக்கப்பட்டது, தொடர் சிகிச்சை தேவையில்லை' என்ற சர்ஜன் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். ஒரு கம்பெனி மறுத்தால் இன்னொன்றைப் பாருங்கள். ஏஜென்ட், 'அதெல்லாம் எழுத வேண்டாம் சார்' என்று சொன்னால், அதை அவரையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.